முதலில் பில், பிறகு பிளான்

"எந்த பிளான் எடுத்தா லாபம் மேடம்?" நான் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்தால் போதும், கோயில் பிராகாரத்திலும் கல்யாணப் பந்தியிலும்கூட இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "கடைசி மூணு மாச பில் இருக்கா?" அநேகமாக இருக்காது. காகித பில் பல வீடுகளில் நின்று போய்விட்டது. மின்னஞ்சலில் வருவதை வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகையில் எவ்வளவு வாடகை, எவ்வளவு பேசியதற்கான கட்டணம் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் எந்த பிளானைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

திருச்சியில் டெலிபோன் ரெவின்யூ செக்‌ஷனில்தான் என் உத்தியோக காலம் போனது. பில் போடுவதும், "இவ்வளவு நாங்க பேசவே இல்லையே" என்று வருகிறவர்களை உட்கார வைத்துக் கணக்குக் காட்டுவதும்தான் வேலை. அதனால் விளம்பரத்தை விட பில்லைத்தான் என் கண் முதலில் தேடும்.

எண்பதுகளில் எக்ஸ்சேஞ்சுக்குள் போனால் ஒரு பக்கம் முழுக்க மீட்டர் வரிசைகள் இருக்கும். ஒரு சந்தாதாரருக்கு ஒரு மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் உருளும். உள்ளூர் கால் பேசினால் 'டிக்' என்று ஒரு எண் நகரும். வெளியூருக்கு நேரே எஸ்.டி.டி. போட்டால், ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ப ஒரு 'டிக்'குக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நேரம் குறையும். டில்லிக்குப் பேசுகிறவரின் மீட்டர் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த வரிசைகளைப் போட்டோ எடுத்து, படத்தில் தெரியும் எண்ணில் இருந்து போன தடவை எண்ணைக் கழித்து, இலவசக் கால்களைத் தள்ளி, மீதிக்குப் பணம் போடுவோம். அதன் மேல் வாடகை. இரண்டு மாதத்துக்கு ஒரு பில். சண்டை போட வருகிறவர்கள் எல்லோரும் கால் கணக்கைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். வாடகையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் பிளான் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

இந்தியாவில் எஸ்.டி.டி. முதன்முதலில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் 1960-ல் வந்தது. அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கும் மேலாக, தூரம்தான் விலையை நிர்ணயித்தது. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், கால்வாசியாகும். அதற்காகவே எஸ்.டி.டி. பூத் வாசலில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். 2006 மார்ச் 1-ம் தேதி 'ஒன் இந்தியா' பிளான் வந்து, நாட்டில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றானது. அடுத்த பெரிய மாற்றம் வெளியே அவ்வளவாகத் தெரியாதது. ஒரு கம்பெனி லைனில் இருந்து இன்னொரு கம்பெனி லைனுக்குக் கால் போனால், அந்தக் காலை முடித்துக் கொடுக்கிற கம்பெனிக்கு ஒரு கூலி உண்டு. லேண்ட்லைனில் தொடங்கும் கால்களுக்கும் லேண்ட்லைனுக்கு வரும் கால்களுக்கும் அந்தக் கூலியை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 மார்ச் 1 முதல் பூஜ்யமாக்கியது. இரண்டே மாதத்தில், மே 1 முதல், பி.எஸ்.என்.எல். தன் லேண்ட்லைனில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை எந்த நெட்வொர்க்குக்கும் இலவசமாகப் பேசலாம் என்று அறிவித்தது. இன்று பைபர் இணைப்போடு வரும் 'அன்லிமிடெட் கால்' எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆக, பேசுவதற்கு விலை ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. இப்போதைய பிளான்களில் நீங்கள் கொடுக்கும் பணம் அநேகமாக முழுக்க வாடகைக்கும் வரிக்கும்தான் போகிறது. "இதுல நிமிஷத்துக்கு எவ்வளவு, அதுல எவ்வளவு" என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பது பழைய பழக்கம். வாடகை எவ்வளவு, அந்த வாடகைக்குள் என்னென்ன அடங்குகிறது, அதில் உங்கள் வீட்டுக்கு நிஜமாகவே வேண்டியது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு. இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மகள் பெங்களூரில். வீட்டில் பழைய செப்புக் கம்பி இணைப்பு; கூடத்து மூலையில் ஸ்டூல் மேல் பட்டன் போன். பைபர் விற்க வந்த பையன் 'மாதம் 399, அன்லிமிடெட்' என்று அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். "மாத்திடலாமா?" என்று சார் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "தாள் இருக்கட்டும் சார், பில்லைக் கொண்டு வாங்க" என்றேன். டீச்சர் பழக்கம் விடாமல் எல்லாவற்றையும் கம்பியில் கோர்த்து வைத்திருந்தார்.

வாடகை மாதம் 220 ரூபாய். பேசிய கட்டணம் முதல் மாதம் 96, அடுத்த மாதம் 141, மூன்றாவது மாதம் 84. சராசரி 107. வாடகையோடு சேர்த்து 327. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 58 ரூபாய் 86 காசு. ஆக மாதம் 385 ரூபாய் 86 காசு. தாளில் 399 என்று இருந்ததற்கும் அதே 18 சதவீதம் உண்டு; அது மட்டும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. மாதம் 85 ரூபாய், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். அவர்கள் வீட்டில் இன்டர்நெட் பார்ப்பவர் யாருமில்லை.

141 ரூபாய் வந்த மாதத்தை மட்டும் தனியாகப் பார்த்தோம். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தினம் இவர்களே கூப்பிட்டுப் பேசிய மாதம் அது. மகளின் செல்போனில் அன்லிமிடெட் பேக் இருக்கிறது. அதில் இருந்து லேண்ட்லைனுக்குப் பேசினாலும் அவளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. லேண்ட்லைனுக்கு வரும் காலுக்கு இவர்களுக்கும் எந்நாளும் கட்டணம் கிடையாது. ஒரு தடவை மணி அடித்துவிட்டு வைத்தால் மகள் திரும்பக் கூப்பிடுவாள். செலவைக் குறைக்க பிளானை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத வீடுகள் இப்படி நிறைய உண்டு. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டுக்குள் பேசி முடிவு செய்தாலே போதும்.

அதைவிட முக்கியமான ஒன்றை சாரிடம் சொன்னேன். செப்புக் கம்பி போனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரிகளில் இருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வருகிறது. தெருவே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். (கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் இது பலிக்காது. அதன் அடிப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். வயர் உள்ள பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.) பைபர் அப்படியல்ல. கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. சுவரில் மாட்டும் மோடம் பெட்டிக்கு வீட்டு பிளக்கில் இருந்து கரண்ட் போக வேண்டும். அது அணைந்தால் போனும் சேர்ந்து அணைந்துவிடும். எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். மோடத்துக்கென்று கடையில் விற்கும் சின்ன யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். நாள் முழுக்கத் தாங்காது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், இந்தச் செலவையும் பிளான் விலையோடு சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

அவர்கள் பழைய இணைப்பிலேயே இருக்கட்டும் என்பது என் தீர்ப்பு. செப்புக் கம்பி எல்லா இடத்திலும் நிலைக்கப் போவதில்லை என்பதும் உண்மை. கேபிள் பழுதானால் புதிதாகப் பதிக்காமல் பைபருக்கு மாறச் சொல்கிறார்கள். அப்படி ஒரு நாள் வரும்போது, அன்லிமிடெட் கால் உள்ள பிளான்களில் எது வாடகை குறைவோ அதை எடுத்தால் போதும். வேகம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பேச்சுக்கு வேகம் தேவையில்லை. அந்த மாற்றத்தை அதே கம்பெனிக்குள் செய்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ள முடியுமா என்று எழுதிக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், அநேகமாக முடியும். வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் போய்விடும். செல்போனில் இருப்பதுபோல லேண்ட்லைன் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி எடுத்துப் போகும் வசதி நம் நாட்டில் இல்லை. முப்பது வருடமாக உறவினர், மருந்துக் கடை, வங்கி என்று எல்லோரிடமும் இருக்கும் நம்பருக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைப் பணத்தில் எழுத முடியாவிட்டாலும் கணக்கில் வைக்க வேண்டும்.

தில்லை நகரில் என் தோழி வீட்டுக் கதை வேறு. ஐந்து பேர் உள்ள குடும்பம். மகன் வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இன்டர்நெட்டுக்கு ஒரு இணைப்பு, பேச லேண்ட்லைன் ஒன்று, இரண்டும் தனித்தனி இடத்தில். இன்டர்நெட்டுக்கு வரியோடு 590, லேண்ட்லைனுக்கு வரியோடு 236. மொத்தம் 826 ரூபாய். கால் இலவசமாகச் சேர்ந்து வரும் 499 ரூபாய் பைபர் பிளான் ஒன்றுக்கு வரி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. மாதம் 237 ரூபாய், வருடத்துக்கு 2,800 ரூபாய்க்கு மேல் மிச்சம். இங்கே நான் யோசிக்கவே இல்லை, "மாத்துடி" என்றேன். எப்படியும் இன்டர்நெட் வேண்டும் என்றிருக்கும் வீட்டில் லேண்ட்லைனுக்கென்று தனி வாடகை கொடுப்பது வீண்.

அவள் மகன் இன்னும் பெரிய பிளானாக எடுக்கலாம் என்று பார்த்தான். வீடியோ காலுக்கு மூன்று நான்கு எம்.பி.பி.எஸ். போதும். இரண்டு டி.வி.யும் ஓடி, அவனும் மீட்டிங்கில் இருந்தால்கூட ஐம்பது தாராளம். அதற்கு மேல் வாங்கும் வேகம் பெரும்பாலான வீடுகளில் சும்மா கிடக்கிறது. வேகத்தைக் காட்டித்தான் விலையை ஏற்றுகிறார்கள். போன் பேசுவதற்காகப் போகிறவர் அந்த ஏணியில் ஏறக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இணைப்புக் கொடுக்கக் கட்டணம் எவ்வளவு? மோடம் நமக்குச் சொந்தமா, அவர்களுடையதா? அவர்களுடையது என்றால் டெபாசிட் எவ்வளவு? பேசும் கருவியும் தருவார்களா? பல இடங்களில் தருவதில்லை. பழைய போனையே மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையில் சொருகிக்கொள்ளலாம். 'அன்லிமிடெட்' என்பதில் வெளிநாட்டுக் கால் சேராது, தனிக் கட்டண நம்பர்களும் பெரும்பாலும் சேராது. வியாபாரத்துக்கு அதே லைனை நாள் முழுக்க ஓட்டவும் விதி இடம் கொடுக்காது. வீட்டு வாசலில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கு ஐ.எஸ்.டி. பேக் எதுவும் வாங்காதீர்கள். இன்டர்நெட் வழிப் பேச்சே போதும்.

ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தள்ளுபடி நிஜம்தான். ஆனாலும் உங்கள் தெருவுக்கு வரும் லைன் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வருடப் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதம் மாதக் கட்டணம் கட்டிப் பாருங்கள். நன்றாக வேலை செய்தால் பிறகு முன்பணம் கட்டலாம். இணைப்புக் கொடுக்க வரும் பையன் கிளம்புவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போனில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் வயதானவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து எந்த செல்போன் நம்பருக்குப் பேசினாலும் முன்னால் பூஜ்யம் போட வேண்டும். "போன் கெட்டுப் போச்சு, பிளானை மாத்தணும்" என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இந்த ஒரு பூஜ்யம்தான் பிரச்சினையாக இருந்தது. போன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய நம்பர் அட்டையில் ஒவ்வொரு செல் நம்பருக்கும் முன்னால் பூஜ்யம் சேர்த்து, பெரிய எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டுங்கள்.

விலைகள் அடிக்கடி மாறும். எந்த ஏஜெண்ட் சொல்வதையும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாக் கம்பெனிகளின் கட்டணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க டிராய் ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கலாம். ஒரு பிளானில் சேர்ந்த பிறகு ஆறு மாதத்துக்கு, உங்களுக்குப் பாதகமாகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்பது டிராய் விதி. நீங்களோ அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே அதே கம்பெனியின் வேறு பிளானுக்கு மாறலாம். மாறுவதற்கென்று கட்டணம் கேட்கக் கூடாது. ஏப்ரல் மே மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகள் ஊருக்குப் போகிறவர்கள் 'சேஃப் கஸ்டடி' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பி.எஸ்.என்.எல்.-ல் உண்டு. பூட்டிய வீட்டுக்கு முழு வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நம்பரும் கையை விட்டுப் போகாது.

லைன் செத்துக் கிடந்தால் அந்த நாட்களுக்கும் வாடகை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2009-ல் டிராய் வகுத்த சேவைத்தர விதிகள் இதற்குத் தெளிவாக அளவு வைத்தன: பழுது மூன்று நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகை தள்ளுபடி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று வாரம் லைன் இல்லை. லைன்மேனிடம் வாயால் சொன்னதோடு விட்டிருந்தார்கள். வாயால் சொன்னது கணக்கில் ஏறாது. கஸ்டமர் கேர் நம்பரில் புகார் பதிந்து, அவர்கள் தரும் டாக்கெட் நம்பரைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அந்த நம்பர் இருந்தால்தான் பில் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பவரால் கழித்துக் கொடுக்க முடியும். அந்த நாற்காலியில் இருந்தவள் சொல்கிறேன். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

கடைசியாக, பழைய இணைப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு. பில் கட்டாமல் விட்டால் அதுவே தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பாக்கி என்று உங்கள் பேரில் ஏறும். எழுத்து மூலம் சரண்டர் விண்ணப்பம் கொடுங்கள். மோடம் அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இணைப்பு இறந்துபோன அப்பா பேரிலோ கணவர் பேரிலோ இருந்தால், இறப்புச் சான்றிதழையும் வாரிசு ஆவணத்தையும் கொடுத்து முதலில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாறாமல் பணம் திரும்ப வராது. போன் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில் கட்டிய டெபாசிட் பல வீடுகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது. சரண்டர் செய்தால் அதைத் திருப்பித் தர 2009 விதிகள் 60 நாள் கெடு வைத்தன. அந்த வீடுகளில் பல பேருக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே நினைவில் இல்லை. பணம் கட்டச் சொல்லி அப்போது வந்த டிமாண்ட் நோட்டும் ரசீதும் பீரோவில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பணம்.